பிளாட்டில விரல் அடையாளமும் ஐசி (அடையாள அட்டை) போட்டோவும் கேக்கினம், குடுக்கலாமோ?

நெய்தல் (வெள்ளவத்தை)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு விசயம் கேக்கோணும், ரெண்டு நாளா மண்டைக்குள்ள இதுதான் ஓடிக்கொண்டிருக்கு.

நாங்கள் இருக்கிறது வெள்ளவத்தையில, காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கை, எட்டு மாடி பிளாட், 32 வீடு. இவ்வளவு நாளும் கீழ செக்யூரிட்டி ஐயாட்ட ஒரு பெரிய சீஆர் கொப்பி இருந்தது. வாற ஆக்கள் பேர், ஐசி நம்பர், போன் நம்பர், எந்த வீடு, எத்தினை மணி எண்டு எழுதிப்போட்டு மேல வருவினம். இப்ப கமிட்டி மாறினாப் பிறகு அந்தக் கொப்பியை நிப்பாட்டிப்போட்டு வாசல்ல மெஷின் பூட்டப் போயினம். எல்லாரும் விரல் வைக்கோணுமாம். அதோட ஒவ்வொருத்தரின்ர ஐசியையும் முன்பக்கம் பின்பக்கம் போட்டோ எடுத்து பிளாட் வட்ஸ்அப் குரூப்பில போடட்டாம். குரூப்பில! பதினஞ்சு வீட்டுக்காரர் உடனயே போட்டும் விட்டினம். வேலைக்கு வாற அக்கா, பிள்ளையளுக்கு ரியூசன் குடுக்க வாற சேர், அவையின்ரயும் வேணுமாம்.

என்ர மனுசன் சொல்றார், எங்களிட்ட மறைக்க என்ன கிடக்கு, போட்டுவிடுமன் எண்டு. எனக்கு அதுக்கு மறுமொழி சொல்லத் தெரியேல்லை, ஆனா மனம் ஒப்புதில்லை.

ஏனெண்டா போன வருசம் அம்மாவுக்கு நடந்தது. அம்மாவுக்கு 68 வயசு. ஒரு மத்தியானம் அவவுக்கு ஒரு கோல், நல்ல தமிழ், இனிசியலோட முழுப்பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஐசி நம்பரை ஒரு இலக்கம் பிசகாமல் சொல்லி, உங்களுக்கு வெளிநாட்டில இருந்து பார்சல் வந்திருக்கு, ஒரு நம்பர் மெசேஜில வரும் அதைச் சொல்லுங்கோ எண்டு கேட்டிருக்கிறான். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப்போட்டு, மெசேஜில வந்த ஆறு இலக்கத்தையும் காலண்டர் மட்டையில எழுதி, ஆறுதலா ஒவ்வொண்டா வாசிச்சுச் சொல்லியிருக்கிறா. 42,000 ரூபா போச்சு. நான் கத்தினன், ஏன் அம்மா சொன்னனீங்கள் எண்டு. அவ சொன்னா, "ஐசி நம்பர் சரியாச் சொன்னவன் பிள்ளை, அப்ப கந்தோர் ஆள்தானே." அதுக்குப் பிறகு நான் அவவை ஏசேல்லை. அவ நினைச்சதில என்ன பிழை இருக்கு?

இன்னொண்டு. போன ஞாயிறு பின்னேரம் காலிமுகத்திடலுக்குப் போனனாங்கள். சின்னவன் கடலை தின்டு முடிச்சு அந்தச் சுருளை விரிச்சுப் பாக்கிறான், உள்ளுக்கு ஆரோ ஒரு பொம்பிளையின்ர விண்ணப்பப் படிவத்தின்ர போட்டோகொப்பி. பேர், விலாசம், ஐசி நம்பர், கையெழுத்து. எண்ணெய் ஊறியிருந்தும் எல்லாம் வாசிக்கக்கூடியதா இருந்தது. எறிய மனம் வரேல்லை, மடிச்சு ஹான்ட்பாக்கில வைச்சு வீட்ட கொண்டுவந்து காஸ் அடுப்பில பிடிச்சு எரிச்சன்.

சொல்லுங்கோ, குடுக்கலாமோ குடுக்கக்கூடாதோ? குடுக்காட்டி இவ ஒரு பிரச்சினைக்காரி எண்டு பேர் வந்திடும், அதையும் யோசிக்கவேண்டிக் கிடக்கு.

---

மழைக்குருவி (கொட்டாஞ்சேனை)

அக்கா அந்தக் கடலச் சுருள் எந்த வழியா வருதுன்னு எனக்குத் தெரியும். நான் மூணு வருசம் ஒரு கொமினிகேஷன்ல வேல செஞ்சேன். போட்டோகொப்பி, பிரின்ட், ரீலோட், லேமினேட் எல்லாம் செய்ற கடை.

காலைல எட்டு மணிக்குக் கடைய தொறந்தா ஆளுங்க வரிசையா நிப்பாங்க, ஐசி கொப்பி ரெண்டு, பேர்த் சேர்ட்டிபிகேட் கொப்பி மூணு, இப்படித்தான். மெஷின்ல சில நேரம் கோணலா விழும், கருப்பா விழும். அதெல்லாம் மேசைக்குக் கீழ ஒரு பெட்டில போடுவோம். மாசத்துக்கு ஒருக்கா பழைய பேப்பர் எடுக்குறவர் வந்து கிலோ கணக்குல வாங்கிட்டுப் போவாரு. அவருகிட்டேருந்து தான் கடலைக்கும் வடைக்கும் சுத்துறதுக்குப் போவுது. யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல அக்கா, ஒரு பேப்பர வீணாக்கக்கூடாதுன்னு நெனச்சு தான் செய்றாங்க, ஆனா நடக்குறது இது.

அதவிட மோசம் வட்ஸ்அப். கடை நம்பருக்கு அனுப்புங்க பிரின்ட் எடுத்துத் தாறோம்னு சொல்லுவோம். நான் வேலைய விட்டு வரும்போது கடை போன் கேலரிய பாத்தேன், மேல தள்ளத் தள்ள ஐசி, பாஸ்போட், பேங்க் பொத்தகம், சின்னப் புள்ளைங்களோட படம், போய்க்கிட்டே இருந்துச்சு. நான் சேர்ந்த வருசத்துக்கு முன்னாடி உள்ளதும் கெடந்துச்சு. ஒருத்தர் கூட, தம்பி பிரின்ட் எடுத்துட்டு அத அழிச்சிருங்கன்னு கேட்டதில்ல. கேட்டிருந்தா அழிச்சிருப்போம், சத்தியமா.

அதனால எங்க கொப்பி எடுத்தாலும் பக்கத்துலயே நில்லுங்க. கோணல் கொப்பியையும் கேட்டு வாங்கிட்டுப் போங்க. கொடுக்குற கொப்பில ஐசி படத்துக்கு மேலேயே படுற மாதிரி, இன்ன வேலைக்கு மட்டும்னு பேனாவால எழுதி தேதி போடுங்க. குரூப்ல மட்டும் போட்டுறாதீங்க அக்கா.

---

மூன்றாம் மாடி (பம்பலப்பிட்டி)

நான் மற்றப் பக்கத்தையும் சொல்லோணும், கோவிக்காதேங்கோ.

எங்கட பிளாட்டிலயும் முந்திக் கொப்பிதான். அதில ஆரும் உண்மை எழுதிறேல்லை. ஒருத்தன் வந்து ஆரோ ஒராளின்ர பேரை எழுதிப்போட்டு மேல போய், தனியா இருக்கிற ஒரு அன்ரியின்ர வீட்டு வாசல்ல இருந்த காஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போட்டான். அந்த அன்ரிக்குப் பிள்ளையள் எல்லாம் கனடாவில. காஸ் போனது பெரிசில்லை, அதுக்குப் பிறகு அவ ராவில நித்திரை கொள்ளேல்லை. சிசிடிவி பூட்டினாப் பிறகுதான் அவவுக்கு ஒரு தெம்பு வந்தது. வயசான ஆக்கள் தனிய இருக்கிற கட்டிடங்கள் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளை முழுக்க இருக்கு, பாதுகாப்பு எண்டதை லேசா எடுக்கேலாது.

மற்றது, எங்கட விபரம் எல்லாம் ஏற்கெனவே போயிட்டுது. 2022இல பெற்றோல் தட்டுப்பாட்டு நேரம் பெற்றோல் அடிக்கிற கியூஆருக்கு ஐசி நம்பர், வாகன நம்பர், சேசிஸ் நம்பர் எல்லாம் எல்லாரும் குடுத்தனாங்கள்தானே? அந்தக் கியூஆரை ஸ்கிரீன்ஷொட் அடிச்சு மச்சான், டிரைவர், பக்கத்து வீடு எண்டு ஊரெல்லாம் அனுப்பினனாங்கள். இனி ஒரு விரலில என்ன?

---

தெகிவளைப் பெடியன்

மூன்றாம் மாடி அக்கா, பாதுகாப்பு வேணும் எண்டது சரி, அதில உங்களோட வாதாட மாட்டன். ஆனா ஏற்கெனவே போயிட்டுது எண்டதை நான் ஒத்துக்கொள்ள மாட்டன். நான் ஐடி வேலைதான் செய்யிறன், இதைத்தான் நாள் முழுக்கப் பாக்கிறன். ஓட்டில ஒரு இடம் ஒழுகுது எண்டு ஆரும் மிச்ச ஓட்டையும் கழட்டிறேல்லை.

முதல் ஐசி நம்பரை வடிவாப் பாருங்கோ. பழைய நம்பர் எண்டா முதல் ரெண்டு இலக்கமும் பிறந்த வருசம். அடுத்த மூண்டும் அந்த வருசத்தில நீங்கள் எத்தினையாவது நாள் பிறந்தனீங்கள் எண்டது, பொம்பிளையள் எண்டா அதோட 500 கூட்டியிருக்கும். 2016க்குப் பிறகு வந்த 12 இலக்க ஐசியிலயும் இதே கணக்குத்தான், வருசம் நாலு இலக்கமா இருக்கும். அப்ப நம்பர் தெரிஞ்சவனுக்கு உங்கட பிறந்த திகதியும் ஆணோ பெண்ணோ எண்டதும் தெரியும். இப்ப யோசியுங்கோ, கஸ்டமர் கெயாருக்கு அடிச்சா உங்களை உறுதிப்படுத்த என்ன கேப்பினம்? ஐசி நம்பர், பிறந்த திகதி. நெய்தல் அக்காவின்ர அம்மாவை ஏமாத்தினவனிட்ட இருந்தது பேரும் அந்த நம்பரும்தான். அடையாளம் சொல்ல வந்த நம்பரை நாங்கள் திறப்பு மாதிரிப் பாவிக்கிறம், அந்தத் திறப்பை ஊரில உள்ள கொப்பியெல்லாத்திலயும் எழுதியும் வைக்கிறம்.

வட்ஸ்அப் குரூப் விசயம். 2016இல இருந்து வட்ஸ்அப்பில போற வழியில ஆரும் திறந்து பாக்கேலாதபடி பூட்டித்தான் அனுப்புது, அது உண்மை. ஆனா போய்ச் சேர்ந்த இடத்தில பூட்டு இல்லை. 32 வீடு எண்டா ஒரு வீட்டில ரெண்டு பேர் படி கிட்டத்தட்ட 60 போன். படம் தானா இறங்கிற மாதிரி வைச்சிருக்கிறவையின்ர போனில அது கலரிக்குள்ள போய் விழும், அங்க இருந்து கூகிள் போட்டோஸ் பக்கப்புக்கும் போகலாம், பிள்ளை கேம் விளையாடிற போன், திருத்தக் குடுக்கிற போன், பிறகு விக்கிற போன். வீட்டை வித்துப்போட்டுப் போன ஆக்கள் இன்னும் குரூப்பில இருப்பினம், ஒருக்கா மெம்பர் லிஸ்டைப் பாருங்கோ.

விரல் அதைவிடப் பெரிய விசயம். பாஸ்வேர்ட் வெளியில போனா மாத்தலாம். விரலை மாத்தேலாது. நல்ல மெஷின் விரலின்ர படத்தை வைக்காது, அதில இருந்து எடுத்த ஒரு கணக்கைத்தான் வைக்கும். ஆனா நீங்கள் வாங்கப்போறது எந்த மெஷின், அதின்ர அட்மின் பாஸ்வேர்ட் ஆரிட்ட, பூட்ட வாறவர் கொம்பனி குடுத்த பாஸ்வேர்டை மாத்தினாரோ, வாடகைக்கு இருந்தவை போனா அவையின்ர விரலை ஆர் அழிக்கிறது? இந்த நாலுக்கும் கமிட்டி மறுமொழி சொல்லட்டும். சொல்லேலாட்டி சாவிக்கொத்தில போடுற மாதிரி, மெஷினில தொட்டா கதவு திறக்கிற ஒரு டாக் குடுக்கச் சொல்லுங்கோ. துலைஞ்சா அந்த டாக்கை மெஷினில வேலை செய்யாமல் நிப்பாட்டி விடலாம். பாதுகாப்பும் வரும், விரலும் உங்களிட்டயே இருக்கும்.

சட்டம் இல்லாமலும் இல்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2022இன் 9ஆம் இலக்கம். ஒரு தேவைக்கு வாங்கினதை வேற தேவைக்குப் பாவிக்கக்கூடாது எண்டதுதான் அதின்ர உயிர். விரல் அடையாளத்தை விசேட வகைத் தரவு எண்டு தனியாவே வைச்சிருக்கினம். மீறினா ஒரு கோடி ரூபா வரைக்கும் தண்டம். முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில அமுலுக்கு வாறதா இருந்து தள்ளிப் போனது எனக்குப் பெரிய கவலை. ஆனா கமிட்டியிட்ட அந்தச் சட்டத்தின்ர பேரைச் சொல்லிக் கேக்கிறதுக்கு ஒருத்தரும் தடை இல்லை.

அம்மாவின்ர விசயத்தை இலங்கை சேர்ட்டுக்கு (இணைய மோசடி முறைப்பாடுகளைப் பாக்கிற அரச நிறுவனம்) 101க்கு எடுத்துச் சொல்லுங்கோ, பொலிசிலயும் ஒரு முறைப்பாடு போட்டு வையுங்கோ. காசு திரும்பாட்டியும் பதிவில இருக்கட்டும். அவவின்ர வட்ஸ்அப்புக்கு ரெண்டாவது பின் நம்பர் ஒண்டும் போட்டு விடுங்கோ.

---

பழைய கிளார்க்

பிள்ளை நெய்தல், உங்கட மனுசன் கேட்ட கேள்விக்கு நான் மறுமொழி சொல்றன். மறைக்க என்ன கிடக்கு எண்டு கேட்டவரெல்லோ.

1983 ஜூலை 25, திங்கக்கிழமை, கொழும்பில தமிழருக்கு அடிச்ச கலவரம். எனக்கு அப்ப 19 வயசு. பம்பலப்பிட்டியில வாடகை வீட்டில இருந்தனாங்கள். எங்கட வாசல்ல பேர்ப்பலகை இல்லை, மாவிலை தோரணம் இல்லை. ஒழுங்கையில எல்லா வீடும் ஒரே மாதிரி, ஒரே மஞ்சள் கேற். வந்தவை ஒவ்வொரு கேற்றாத் தட்டிக் கேக்கேல்லை. கையில கடதாசி இருந்தது. வாக்காளர் இடாப்பு. அதைப் பாத்துப் பாத்து ரெண்டு வீட்டைத் தாண்டி வந்து எங்கட வீட்டுக்கு முன்னால நிண்டவை. நாங்கள் பின்மதிலால ஏறி, பின்வளவுச் சிங்களக் குடும்பத்தின்ர குசினிக்குள்ள இருந்தம். அந்த அம்மா எங்களை உள்ளுக்கு விட்டுக் கதவைச் சாத்திப்போட்டு வெளியில வந்து நிண்டதைச் சாகும் வரைக்கும் மறக்கமாட்டன். பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாம், பிறகு கப்பல்ல காங்கேசன்துறை.

அந்த இடாப்பை எழுதினது ஆர்? கிராம சேவகர். எதுக்கு? நாங்கள் வோட்டுப் போட. என்ர ஐயா தன்ர கையாலதான் அந்தப் படிவத்தை நிரப்பினவர், வீட்டில இருக்கிற ஆக்களின்ர பேரை வடிவான எழுத்தில, ஒண்டும் மறைக்காமல். மறைக்க அவரிட்ட ஒண்டும் இருக்கேல்லை.

பிறகு சண்டைக் காலத்தில பொலிஸ் பதிவு. வீட்டில ஆர் ஆர் இருக்கினம், எந்த ஊர், ஏன் வந்தவை எண்டு பதிஞ்ச துண்டை ஐசியோட சேத்து சட்டைப் பைக்குள்ள கொண்டு திரிஞ்சம். 2007 ஜூன் 7, விடியப்புறம் கொழும்பில பொலிசார் லொட்ஜ் லொட்ஜாப் போய் 370க்கு மேற்பட்ட தமிழ் ஆக்களை பஸ்ஸில ஏத்தி வவுனியாப் பக்கமும் கிழக்குக்கும் அனுப்பினவை. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. எங்கட தூரத்துச் சொந்தக்காரப் பொடியன் ஒருத்தன் அந்த பஸ்ஸில இருந்தவன், வெளிநாட்டுக்குப் போக மெடிக்கலுக்கு வந்து லொட்ஜில நிண்டவன்.

நான் பயப்படுத்த எழுதேல்லை, உங்கட கமிட்டி ஆக்கள் நல்ல ஆக்களாத்தான் இருப்பினம். நான் பாக்கிறது அந்த லிஸ்டை. கமிட்டி மாறும், லிஸ்ட் அங்கயே கிடக்கும்.

---

நெய்தல் (வெள்ளவத்தை)

ஐயா, நீங்கள் எழுதினதை மனுசனுக்கு வாசிச்சுக் காட்டினன். அவர் ஒண்டும் கதைக்கேல்லை. கொஞ்ச நேரத்தால தன்ர போனை எடுத்து, தான் குரூப்பில போட்ட ஐசியை அழிச்சார். அவர் போட்டது எனக்கே தெரியாது.

நேற்று இரவு மொட்டை மாடியில மீட்டிங். தெகிவளைத் தம்பி சொன்ன நாலு கேள்வியையும் கடதாசியில எழுதிக்கொண்டு போனன். கை நடுங்கினது, ஏனெண்டா தலைவர் என்ர மாமாவுக்குத் தெரிஞ்ச ஆள். அவர் கோவிக்கேல்லை. மெஷின் விக்கிறவரிட்டக் கேட்டுச் சொல்றன் எண்டார். ஏழாம் மாடி அன்ரியும் ரெண்டு பெடியளும் என்னோட நிண்டவை. கடைசியில டாக் எண்டு முடிவு. விரும்பினவை விரல் வைக்கலாம், மற்றவைக்குக் கட்டாயம் இல்லை. குரூப்பில கிடக்கிற ஐசி எல்லாத்தையும் போட்டவையே அழிக்கோணும். வேலைக்கு வாற ஆக்களுக்கு வீட்டுக்காரர் பொறுப்பு, அவையின்ர ஐசி தேவையில்லை. மூன்றாம் மாடி அக்கா, சிசிடிவி வருது, அதை நானும் வேண்டாம் எண்டு சொல்லேல்லை, பதிவு எத்தினை நாள் வைச்சிருப்பினம் எண்டு மட்டும் கேட்டிருக்கிறன்.

ஒண்டு மிச்சம். படிக்குக் கீழ பழைய சீஆர் கொப்பி ஏழு கிடக்கு. செக்யூரிட்டி ஐயா சனிக்கிழமை பேப்பர்காரருக்குக் குடுக்க நூல் போட்டுக் கட்டி வைச்சிருந்தார். நான் வாங்கி எங்கட பல்கனியில வைச்சிருக்கிறன். இவ்வளவையும் பிளாட்டுக்குள்ள எப்பிடி அழிக்கிறது? எரிச்சா புகை வந்து எல்லாரும் ஓடி வந்திடுவினம்.

---

மழைக்குருவி (கொட்டாஞ்சேனை)

எரிக்க வேணாம் அக்கா. மட்டைய கழட்டிட்டு பக்கத்த நாலு நாலா கிழிச்சு பெரிய வாளில போட்டு, சுடுதண்ணில சவுக்காரத் தூள் கொஞ்சம் கலந்து ஊத்துங்க. ஒரு ராத்திரி ஊறணும். காலைல கையால பெசஞ்சா மாவு மாதிரி வந்துரும், பேனா எழுத்து ஒண்ணும் மிஞ்சாது. புழிஞ்சு காய வச்சு குப்பைல போடுங்க. ஏழு கொப்பின்னா மூணு வாளி வரும். சனிக்கெழமைக்கு முன்னாடி முடிச்சிருங்க, பேப்பர்காரர் வந்தா செக்யூரிட்டி ஐயா உங்க வீட்டுக்கு அனுப்பி வச்சாலும் வைப்பாரு.