எண்பதுகளின் டீன் காதல் படங்கள்: பரிந்துரை வேண்டும்

நண்பர்களே, ஜான் ஹியூஸ் எழுதிய 'பிரிட்டி இன் பிங்க்' (1986) பார்த்ததிலிருந்து அந்தக் கால அமெரிக்கப் பள்ளிக் காதல் படங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். வசதியில்லாத வீட்டுப் பெண் ஆண்டி, பழைய உடைகளை வெட்டித் தைத்துத் பிராம் எனும் பள்ளி நடன விருந்துக்கான தன் கவுனைத் தானே உருவாக்குவாள். அவள் நண்பன் டக்கியோடு சேர்வதாகத்தான் முதலில் படமெடுத்தார்கள். வெளியீட்டுக்கு முன் போட்டுக் காட்டியபோது ரசிகர்களுக்குப் பிடிக்காததால் அந்த முடிவை மாற்றிவிட்டார்கள். எனக்கென்னவோ டக்கிதான் பொருத்தம்! அடுத்த ஆண்டே ஹியூஸ் எழுதிய 'சம் கைண்ட் ஆஃப் வொண்டர்ஃபுல்' படத்தில் கூடவே இருக்கும் தோழிதான் ஜெயிக்கிறாள். அப்புறம் 'வேலி கேர்ள்', 'சே எனிதிங்' இரண்டும் பார்த்தாயிற்று.

ஏழை, பணக்காரர் வித்தியாசத்தை மழுப்பாமல், பெண்ணின் பார்வையில் சொல்லும் எண்பதுகளின் படங்கள் வேறு தெரிந்தால் சொல்லுங்கள். பெண்களை மட்டமாகக் காட்டிச் சிரிக்க வைக்கும் ரகம் வேண்டாம். சப்டைட்டிலோடு எங்கே பார்க்கலாம் என்றும் சொன்னால் பெரிய உதவி.