வயல் வாடியில் போன் சார்ஜ் போட 20 வாட் பனல் காணுமா?

உன்னிச்சைத் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கட வயல் உன்னிச்சைப் பக்கம். ஊருக்குள் எல்லா வீட்டுக்கும் கரண்ட் இருக்கிறது. ஆனால் கடைசிக் கரண்ட் தூணிலிருந்து எங்கள் வாடிக்கு, அதாவது வயல் காவல் குடிலுக்குப் போக நாலைந்து கிலோமீற்றர், அதில் பாதி பற்றைக்காடு. மாரிப்போகம் தொடங்கினால் அப்பா, சித்தப்பா, பக்கத்து வயல்காரர் என்று ஏழு பேர் யானைக்காவலுக்கு அங்கேயே கிடப்பார்கள். மூன்று பேரிடம் டச் போன், மற்ற நாலு பேரிடம் பட்டன் போன்.

இப்போது என்ன செய்கிறோம் என்றால், காலையில் பால் எடுக்க வருகிறவரிடம் போன்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிடுவோம். அவர் சந்திக் கடையில் கொடுப்பார். போன் ஒன்றுக்கு 50 ரூபாய். அடுத்த நாள் காலையில்தான் பை திரும்பி வரும். அதாவது யானை இறங்குகிற இரவில் போன்கள் கடையில் பத்திரமாக நித்திரை கொள்ளும்! அண்மையில் ஒரு இரவு கூட்டமாக இறங்கியபோது அடுத்த வாடிக்குச் சொல்ல உயிரோடு ஒரு போன் இல்லை. தகரத்தைத் தட்டித்தான் ஆட்களை எழுப்பினார்கள்.

மச்சான் வீட்டில் சும்மா கிடந்த 20 வாட், 12 வோல்ட் சோலர் பனல் ஒன்று கிடைத்தது. வாகனத்தில் சிகரட் லைட்டர் ஓட்டையில் குத்துகிற யூஎஸ்பி சார்ஜரை அதில் தொடுத்துப் பார்த்தேன். நல்ல வெயிலில் ஏறுகிறது. முகில் வந்தால் 'டிங்' என்று நின்று, திரும்ப 'டிங்' என்று தொடங்கி, ஒரே கரைச்சல். இப்படிப் போட்டால் போன் பழுதாகுமா? பழைய மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்றும் இருக்கிறது, அதை இடையில் போடலாமா? லான்ட் மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) லைட்டுக்குப் போகும் வயரில் இருந்து எடுக்கலாம் என்று சித்தப்பா சொல்கிறார். அது சரிவருமா?

கொக்கட்டிச்சோலையான்:

ஏன் இவ்வளவு பாடு? பவர் பேங்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று வாடியில், ஒன்று கடையில். பால்காரரிடம் போனுக்குப் பதிலாக பவர் பேங்கைக் கொடுத்து மாற்றுங்கள். போன் எப்போதும் கையில் இருக்கும். கடைக்காரருக்கும் ஏழு வயருக்குப் பதில் ஒரு வயர்.

கல்லாற்று மச்சான்:

யூடியூப்பில் உப்புத் தண்ணீரிலும் உருளைக்கிழங்கிலும் போன் சார்ஜ் பண்ணுகிறார்களே, வாடியில் கிழங்குக்கா பஞ்சம்? 😀

செங்கலடி ரேடியோக்காரன்:

கல்லாற்று மச்சான், அந்தக் கிழங்கை அவித்துச் சாப்பிடுங்கள். ஒரு கிழங்கில் செம்பும் நாகமும் குத்தினால் ஒரு வோல்ட்டுக்கும் குறைவாக வரும். வருகிற கரண்டில் போனின் திரைகூட முழிக்காது. வீடியோவில் மேசைக்குக் கீழே வேறு வயர் போகும்.

உன்னிச்சைத் தம்பி, முதலில் அந்த 'டிங்' என்ன என்று விளங்கிக்கொள்ளுங்கள். 12 வோல்ட் பனல் என்று பெயர்தான், உச்சி வெயிலில் அது வேலை செய்கிற அளவு 17, 18 வோல்ட். ஒன்றும் தொடுக்காமல் மீற்றர் வைத்தால் 21ஐத் தாண்டும். அந்தச் சின்ன சார்ஜர் அதை 5 வோல்ட்டாக இறக்கிக் கொடுக்கிறது. முகில் மறைத்ததும் பனல் தரக்கூடிய கரண்ட் சட்டென்று குறையும், போன் கேட்கிற கரண்ட் குறையாது. இழுவை தாங்காமல் வோல்ட் விழுந்து சார்ஜர் அணையும். அணைந்தால் இழுவை இல்லை, வோல்ட் ஏறும், சார்ஜர் எழும்பும், போன் டிங் என்று திரையை எரிக்கும், திரும்ப இழுக்கும், திரும்ப விழும். முகில் நாளில் இப்படியே போனால் ஏறியதைத் திரையே தின்றுவிடும். சார்ஜர் நல்லதாக இருந்தால் போனுக்குப் பழுது வராது. சார்ஜர் இல்லாமல் பனல் வயரை வெட்டி யூஎஸ்பி வயரோடு முறுக்கிக்கொண்டு என் கடைக்கு வருகிற ஆட்களும் உண்டு, அந்தப் போன்களை நான் திறந்து பார்ப்பதே இல்லை.

ஆகவே பனலுக்கும் போனுக்கும் நடுவில் ஏதாவது ஒன்று கரண்டைத் தேக்கி வைக்க வேண்டும். பவர் பேங்கும் தேக்கும், பற்றரியும் தேக்கும். எது வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம்.

5000 மில்லி அம்பியர் டச் போன் என்றால் அதன் பற்றரியில் கிட்டத்தட்ட 19 வாட் மணி (ஒரு வாட் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு வாட் மணி, கீழே வருகிற கணக்கும் அதில்தான்). வழியில் வீணாவதையும் சேர்த்தால் தேக்கி வைத்த பற்றரியிலிருந்து 25 போகும். மூன்று போனையும் தினமும் முழுதாக ஏற்றினால் 75. பட்டன் போன் 1000 மில்லி அம்பியர்தான், நாலு வாட் மணிக்கும் குறைவு. வீணாவதைச் சேர்த்து 5 என்று வைத்தாலும், நாலு நாளைக்கு ஒருமுறை போட்டால் காணும். நாலு போனும் சேர்ந்து ஒரு நாளைக்கு 5தான் செலவு! உங்கள் 20 வாட் பனல் நம் பக்கத்து நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 60 அளவில் தரும். வெயில் காலத்திலேயே மூன்று டச் போனுக்கும் அது காணாது.

நீங்கள் காவல் இருப்பதோ வெயில் காலத்தில் இல்லை. மட்டக்களப்பில் சோலர் பூட்டுகிற ஆட்கள் இதைத்தான் யோசிப்பதில்லை. பனல் விற்கிறவர் சித்திரை வெயிலில் ஏற்றிக் காட்டுவார். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை இறங்கி மூன்று நாள் சூரியனைக் காணாதபோது அதே பனல் 10, 12 தந்தாலே பெரிய காரியம். அப்போதுதான் வாடியில் ஏழு பேர் இருப்பீர்கள். மழை நாளைக் கணக்கில் வைத்துத்தான் தொடங்க வேண்டும். அந்த 10இல் பட்டன் போன் நாலும் ஓடும், மிச்சத்தில் ஒரு ரோச் லைட்டும் ஏற்றலாம். மழை நாளில் டச் போனைச் சார்ஜில் போடக்கூடாது என்று வாடியில் சட்டம் போடுங்கள். வெயில் வந்த பிறகு ஆளுக்கு ஒரு நாள் என்று போடட்டும். யானை வந்ததைச் சொல்லப் பட்டன் போன் காணும், டிக்டொக் பார்க்கத்தான் மற்றது. இது உங்கள் சித்தப்பாவுக்குப் பிடிக்காது என்று தெரியும். 😀

இன்னொன்று, கவரேஜ் இல்லாத இடத்தில் போன் சிக்னலைத் தேடித் தேடியே பற்றரியை முடிக்கும். உன்னிச்சையில் சில இடத்தில் வரம்பில் ஏறி நின்றால்தான் கவரேஜ் வரும் என்று தெரியும். கவரேஜ் கிடைக்கிற இடத்தில் ஒரு கம்பு நட்டு, காவல் போனை அதில் கட்டி வையுங்கள். டச் போன்களை இரவில் பிளைட் மோடில் விடுங்கள்.

பற்றரி விசயம். மோட்டார் சைக்கிள் பற்றரி என்ஜினை ஸ்டார்ட் பண்ணச் செய்தது. ஒரு நொடி பலமாக இழுத்துவிட்டு உடனே நிரம்ப வேண்டிய சாமான். தினமும் அடிவரை வடித்தால் ஒரு போகத்துக்குள் தட்டு வெளுத்துச் செத்துவிடும். யூபிஎஸ் பெட்டிக்குள் இருக்கிற 12 வோல்ட் 7 அம்பியர் மணி சீல் பற்றரி அதைவிடப் பரவாயில்லை. முழுதாக 84 வாட் மணி, அதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும். காசு இருந்தால் லித்தியம் அயன் பொஸ்பேட் பற்றரி, அதில் நூற்றுக்கு 80 பங்கு எடுக்கலாம், ஆனால் பனலுக்கும் பற்றரிக்கும் நடுவில் போடுகிற சார்ஜ் கன்ட்ரோலரில் லித்தியத்துக்கு மாற்ற வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கடையில் கிடைக்கிற சின்ன நீலக் கன்ட்ரோலரே உங்களுக்குப் போதும். அது பற்றரி 10.7 வோல்ட்டுக்கு வரும்வரை வெட்டாமல் விடும்படி செட் பண்ணித்தான் வரும். ஈயப் பற்றரிக்கு அது மிகவும் கீழே. பட்டனை அமத்தி 11.8க்கு ஏற்றி விடுங்கள்.

தொடுக்கும்போது முதலில் பற்றரி, பிறகு பனல். கழற்றும்போது முதலில் பனல். மாறிச் செய்தால் பனலின் 21 வோல்ட் கன்ட்ரோலரைக் குழப்பிவிடும். பற்றரியின் பிளஸ் வயரில், பற்றரிக்குப் பக்கத்திலேயே, 5 அம்பியர் பியூஸ் ஒன்று போடாமல் விடவேண்டாம். வாடி கிடுகு, உள்ளே வைக்கோல், எலி வேறு வயரைக் கடிக்கும். அதற்குமேல் நான் சொல்லத் தேவையில்லை.

லான்ட் மாஸ்டர் வேண்டாம். அதில் லைட்டுக்கு வருவது அனேகமாக ஏசி கரண்ட், என்ஜின் ஓடுகிற வேகத்துக்கு ஏறி இறங்கும். பற்றரி வைத்த நாலு சில்லு உழவு இயந்திரம் என்றால், என்ஜின் ஓடும்போது சார்ஜர் குத்தலாம். போன் சார்ஜ் பண்ணவென்றே டீசல் எரிக்க வேண்டாம்.

படுவான்கரைக் கிழவன்:

ரேடியோக்காரத் தம்பி சொல்வது எல்லாம் சரி. நாங்கள் சண்டைக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட ஆட்கள். செய்தி முடிய முதல் சுற்றுகிறவன் களைத்தால் அடி விழும். அந்த டைனமோவில் இப்போது போன் சார்ஜ் போடலாமா?

செங்கலடி ரேடியோக்காரன்:

ஐயா, அந்த டைனமோ 6 வோல்ட் 3 வாட், அதுவும் ஏசி. டையோடு நாலு போட்டு டிசியாக மாற்றி, இழப்பெல்லாம் போக 2 வாட் வந்தால் நல்லது. ஒரு டச் போன் நிரம்ப பத்து மணித்தியாலம் சுற்ற வேண்டும். அடி விழுகிற ஆட்கள் இப்போது கிடைக்கமாட்டார்கள்.

பனல் என்றால் பகிடி பண்ணின டவுன் ஆட்களும் 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினபோது பவர் பேங்கோடு என் கடைக்கு வந்தார்கள். அப்போது ஒன்று கவனித்தேன். 10000 மில்லி அம்பியர் பவர் பேங்க் என்று வாங்கி, 5000 போனை இரண்டு தரம் ஏற்றலாம் என்று நம்பி வந்தவர்கள் அதிகம். அந்த 10000 உள்ளே இருக்கிற 3.7 வோல்ட்டில் சொன்ன கணக்கு. 5 வோல்ட்டாக வெளியே வரும்போது 6000 சொச்சம்தான். போனை ஒன்றரைத் தரம் ஏற்றினால் அது நல்ல பவர் பேங்க். கொக்கட்டிச்சோலையான் சொன்ன யோசனை நல்லது, ஆனால் மூன்று டச் போனுக்கும் ஒன்று காணாது.

அக்கரைப்பற்று காக்கா:

எங்கட வயல் தீகவாபிப் பக்கம், எங்களுக்கும் இதே யானைதான். அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன் தம்பி, பனலைக் கூரையில் ஆணி அடிக்காதீங்க. ஒரு கம்பில் கொழுவி வைத்து இருட்ட முதல் உள்ளே எடுங்க. களவும் போகாது, யானை வாடியைச் சாய்த்தாலும் பனலைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். போகம் இல்லாத காலத்தில் பற்றரியை வீட்டுக்குக் கொண்டுபோய் மாசத்துக்கு ஒருக்கா சார்ஜில் போடுங்க. நாங்கள் சும்மா விட்ட ஒன்று அடுத்த போகத்துக்கு எழும்பவில்லை.

உன்னிச்சைத் தம்பி:

எல்லாருக்கும் நன்றி. காக்கா, கம்பு யோசனை அப்பாவுக்கு நல்லாப் பிடித்திருக்கிறது. டச் போன் சட்டத்துக்கு சித்தப்பா இன்னும் தலையாட்டவில்லை.

ரேடியோக்கார அண்ணன், இரண்டு கேள்வி. வெயில் விழுகிற வெட்டையில் பனலை வைத்தால் வாடிக்கு 20 மீற்றர் வருகிறது. அவ்வளவு நீளத்துக்கு என்ன வயர்? மற்றது, 12 வோல்ட்டை 5 ஆக்குகிற சின்னப் போர்ட் ஒன்று மட்டக்களப்பு டவுனில் வாங்கினேன். 3 அம்பியர் என்று எழுதியிருக்கிறது, ஆனால் போன் ஆமை வேகத்தில் ஏறுகிறது.

செங்கலடி ரேடியோக்காரன்:

நீளம் எல்லாம் பனல் பக்கத்தில் இருக்கட்டும். 20 வாட் பனலில் ஓடுவது ஒரு அம்பியர் சொச்சம்தான். சாதாரண மெல்லிய ஸ்பீக்கர் வயர், செம்பின் குறுக்குவெட்டு அரைச் சதுர மில்லிமீற்றர் உள்ளது, 20 மீற்றர் போய் வர ஒன்றரை வோல்ட் விழும். 18இல் ஒன்றரை போனால் கவலை இல்லை. அதே ஒன்றரை வோல்ட் யூஎஸ்பி பக்கத்தில் விழுந்தால் 5க்கு மூன்றரை வரும், போன் ஏறாது. அதனால் பற்றரி, கன்ட்ரோலர், போர்ட் எல்லாம் வாடிக்குள்ளே, யூஎஸ்பி வயர் ஒரு மீற்றருக்குள். பனலைத் தெற்குப் பக்கம் கொஞ்சம் சாய்த்து வையுங்கள், மார்கழிச் சூரியன் தெற்கேதான் போகும். தூசியும் மழையில் கழுவுப்படும்.

போர்ட் கதை இது. யூஎஸ்பியில் நாலு கம்பி, நடுவில் இரண்டும் டேட்டா. அந்த இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால் போன் இது சார்ஜர்தான் என்று நம்பி ஒன்றரை அம்பியர் வரை இழுக்கும். சும்மா விட்டிருந்தால் கம்பியூட்டரில் குத்தியிருக்கிறார்கள் என்று நினைத்து அரை அம்பியரில் நிற்கும். மலிவுப் போர்ட்டில் அனேகமாகச் சும்மாதான் விட்டிருப்பார்கள். போர்ட்டின் பின்பக்கம் நடு இரண்டு காலையும் ஒரு சொட்டு ஈயத்தால் சேருங்கள். ஓரத்துக் காலில் ஈயம் படக்கூடாது. கை நடுங்கினால் ஞாயிறு தவிர மற்ற நாளில் போர்ட்டைக் கடைக்குக் கொண்டுவாருங்கள்.

உன்னிச்சைத் தம்பி:

அப்ப சனிக்கிழமை பால் வண்டியில் வருகிறேன் அண்ணன். சித்தப்பாவும் வருவார், சட்டத்தைப் பற்றி உங்களோடு நேரே கதைக்க வேண்டுமாம்.