படிகத் தரவை எந்த ரெசல்யூஷனில (எவ்வளவு நுணுக்கம் வரைக்கும் வச்சு) வெட்டுறது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

அண்ணாமார், அக்காமார், வணக்கம். கொக்குவிலில இருந்து எழுதுறன். கோழிமுட்டையில இருக்கிற லைசோசைம் எண்ட புரதப் படிகத்தின்ர எக்ஸ்ரே தரவு ஒண்டை வெளிநாட்டில இருக்கிற சீனியர் அண்ணா ஒராள் அனுப்பினவர். அதை வச்சுத்தான் ப்ராசஸ் பண்ணிப் பழகுறன்.

கடைசி ஷெல்லில (ஆக நுணுக்கமான ரெசல்யூஷன் பட்டையில), அதாவது 1.9 இல இருந்து 1.8 ஆங்ஸ்ட்ராம் வரைக்கும், ஆர்-மெர்ஜ் (திரும்பத் திரும்ப அளந்ததுகள் தங்களுக்குள்ள எவ்வளவு விலகுது எண்டது) 140 சதவீதம், ஐ/சிக்மா (சிக்னலுக்கும் பிழைக்குமான விகிதம்) 1.1, சிசி-அரை (அளவீடுகளின்ர ரெண்டு பாதியும் எவ்வளவு ஒத்துப்போகுது எண்டது) 0.52. ஐ/சிக்மா 2க்குக் கீழ போனா வெட்டச் சொல்லித்தான் எனக்குப் படிப்பிச்சவை. அப்பிடியெண்டா 2.0 ஓட நிப்பாட்டவேணும். எனக்கு மனம் வரேல்லை. ஒவ்வொரு ரிஃப்ளெக்ஷனும் (படத்தில விழுற எக்ஸ்ரே புள்ளி) சராசரியா 12 தரம் அளந்திருக்கு. அளக்க அளக்க சராசரி திருந்தும், ஆனா ஆர்-மெர்ஜ் ஏறும். அளவீடுகளை எழுந்தமானமா ரெண்டு பாதியாப் பிரிச்சு ஒப்பிடுற சிசி-அரையை படிகவியல் ஆராய்ச்சியாளர் கார்ப்ளஸும் டீடெரிக்ஸும் 2012இல முன்வச்சதே, இப்பிடி வீசுற மெல்லிய தரவிலயும் சரக்கு இருக்கெண்டு காட்டத்தானே.

2.0, 1.9, 1.8 எண்டு படிப்படியா ரிஃபைன் பண்ணி (மொடலைத் தரவோட பொருத்தித் திருத்தி), 2.0 வரைக்குமான அதே ரிஃப்ளெக்ஷன்களில ஆர்-ஃப்ரீயை (பொருத்தாம ஒதுக்கி வச்ச தரவில இருந்து மொடல் எவ்வளவு விலகுது எண்டதை) ஒப்பிட்டா முடிவெடுக்கலாமோ? செய்து பாத்த ஆக்கள் சொல்லுங்கோ.

இன்னொண்டு. படங்களில 3.67 ஆங்ஸ்ட்ராம் கிட்ட ஒரு கறுத்த வளையம், 3.9 லயும் 3.44 லயும் மங்கலா ரெண்டு. ஐஸ் எண்டுதான் நினைக்கிறன். முழு வளையத்தையும் மறைச்சா கம்ப்ளீட்னெஸ் (அளக்கவேண்டியதில அளந்த பங்கு) விழுந்திடும். மறைக்கிறதோ, கெட்ட ரிஃப்ளெக்ஷன்களை மட்டும் எடுக்கிறதோ? லொக் ஃபைல் வேணுமெண்டா உடனே போடுறன்.