இத்தாலிய நகரங்கள் குடும்பங்களின் கைக்குப் போனது எப்படி?

கிருஷ்ணகிரி வாசகர்: நம்ம தகடூர் அதியமான்கள் குறுநில மன்னர்கள், பரம்பரை ஆட்சி, அது புரிகிறது. ஆனால் மன்றம் வைத்துத் தன்னைத்தானே ஆண்டுகொண்ட வெரோனா, மாந்துவா மாதிரி நகரங்கள் எப்படி ஒரே குடும்பத்திடம் சிக்கின? படையெடுத்துப் பிடித்தார்களா?

தர்மபுரிக்காரர்: பெரும்பாலும் பதவி வழியாகத்தான். உள்ளூர்க் கோஷ்டிச் சண்டை தாங்காமல், வெளியூர்க்காரர் ஒருவரை ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ சம்பளத்துக்கு அழைத்து நிர்வாகத்தைக் கொடுத்தார்கள், பொதெஸ்தா என்று பெயர். அதுவும் போதவில்லை. வெரோனாவில் மாஸ்தினோ தெல்லா ஸ்காலா 1262இல் மக்கள் தளபதி (பொதுமக்கள் சார்பில் நகரத்தை வழிநடத்தும் பதவி) ஆனார், 1277இல் அவரைக் கொன்றுவிட்டார்கள். உடனே தம்பி ஆல்பெர்தோவுக்கு அதே பதவி ஆயுள் முழுக்க! என்னைக் கேட்டால், குடியாட்சி போனது அந்த இடத்தில்தான். பெயருக்கு மன்றம் மட்டும் இருந்தது.

ஓசூர் வாசகி: சரி, ஆனால் ரத்தம் சிந்தாமல் நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். மாந்துவாவில் 1328இல் லூயிஜி கொன்சாகா, வெரோனாவை ஆண்ட கான்கிராந்தே உதவியோடு போனாகோல்சி குடும்பத்தைக் கவிழ்த்துத்தான் வந்தார், அப்புறம் 1700களின் தொடக்கம் வரை அவர் வம்சம்தான். மிலானின் ஜான் கலேயாத்சோ விஸ்கோந்தி இன்னொரு வகை, 1395இல் ஜெர்மானிய மன்னர் வென்செஸ்லாஸுக்குப் பணம் கொடுத்தே கோமகன் பட்டம் வாங்கினார். அதற்கு முன்பே, 1387இல், வெரோனாவை ஸ்காலா குடும்பத்திடமிருந்து பிடுங்கியவரும் அவரேதான்.

கிருஷ்ணகிரி வாசகர்: ரொம்ப நன்றி. வெனிஸ் மட்டும் தப்பித்தது எப்படி?