தொலைதூரத் தானியங்கி வானிலை நிலையங்களைப் பராமரிக்கும் பணி: களத்தில் உண்மையில் என்ன வேலை?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மின்னணுவியலில் பட்டயப்படிப்பு முடித்துவிட்டு, சில ஆண்டுகளாகத் தொழிற்சாலைக் கருவிகளைப் பழுது பார்த்து வருகிறேன். ஆள் நடமாட்டமில்லாத இடங்களில் நிறுவப்பட்டுள்ள தானியங்கி வானிலை நிலையங்களைப் பராமரிக்கும் தொழில்நுட்பர் பணிக்கு இப்போது என்னை அழைத்திருக்கிறார்கள். பணி விவரத்தில் சென்சார்களைச் சரிபார்த்தல், டேட்டா லாகரிலிருந்து (சென்சார் அளவுகளைச் சேமிக்கும் கருவி) பதிவுகளை எடுத்தல், தடுப்புப் பராமரிப்பு என்று மூன்று வரிகள் மட்டுமே உள்ளன. அங்கே பெரும்பாலும் பழுதாவது எது, நான் புதிதாகக் கற்க வேண்டியது என்ன என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். இன்னொரு ஐயமும் உண்டு. ஒரு நிலையம் தவறாமல் தரவு அனுப்பிக்கொண்டிருக்கிறது என்றால், அவ்வளவு தொலைவு போய் அங்கே செய்வதற்கு என்ன இருக்கிறது?

பதில் 1 (களப்பணியாளர்)

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இந்த வேலையின் பெரும்பகுதி அதற்குள்தான் அடங்கியிருக்கிறது. முற்றிலும் நின்றுபோன நிலையம் பெரிய தொல்லை தருவதில்லை. தரவு வரவில்லை என்பது அலுவலகத்தில் உடனே தெரிந்துவிடும், போய்ச் சரிசெய்துவிடலாம். ஒழுங்காக அனுப்பிக்கொண்டே தவறான எண்ணை அனுப்பும் நிலையம்தான் தொல்லை, ஏனெனில் அதை யாரும் கவனிப்பதற்குள் பல மாதப் பதிவுகள் கெட்டுப்போயிருக்கும்.

மழைமானியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான நிலையங்களில் இருப்பது, புனல் வழியே இறங்கும் நீரால் இரு சிறு கிண்ணங்கள் மாறி மாறி நிறைந்து சாயும் வகை. ஒவ்வொரு சாய்வும் ஒரு துடிப்பாக லாகரில் பதிவாகும். புனலின் அடித்துளையைப் பறவை எச்சமும் சருகும் பாதி அடைத்துவிட்டாலும் மழை பதிவாகத்தான் செய்யும். ஆனால் புனலில் தேங்கிய நீர் சொட்டுச் சொட்டாக இறங்குவதால், ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்த மழை, இரவு முழுவதும் பெய்த தூறலாகப் பதிவில் காட்சியளிக்கும். புனல் நிரம்பி வழியாதவரை மொத்த அளவு ஏறக்குறையச் சரியாகவே இருக்கும். மழைத் தீவிரமோ முழுப் பொய். வெள்ள எச்சரிக்கை விடுப்பவர்களுக்கு வேண்டியது அந்தத் தீவிரம்தான்.

சரிபார்ப்பது கடினமன்று. புனலின் விட்டம் 200 மி.மீ., ஒரு சாய்வுக்கு 0.2 மி.மீ. மழை என்று வைத்துக்கொண்டால், ஒரு சாய்வுக்கு ஏறக்குறைய 6.28 மி.லி. நீர் ஆகும். எனவே 628 மி.லி. நீரை அளந்து மெல்லச் சொட்டவிட்டால் 100 சாய்வுகள் வர வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால், கிண்ணம் சாய்ந்து முடியும் முன் விழும் நீர் கணக்கில் சேராமல் எண்ணிக்கை குறையும். பிறகு நல்ல கருவியைக் குறை சொல்லி, அளவைச் சரிசெய்யும் திருகாணியைத் திருப்பிவிடுவோம். அடித்தட்டு மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே இந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு பழக்கத்தை இப்போதே கைக்கொள்ளுங்கள். எதையும் துடைப்பதற்கு முன், கழற்றுவதற்கு முன், நிலையத்துக் கருவி என்ன காட்டுகிறது, நீங்கள் கொண்டுபோன ஒப்பீட்டுக் கருவி என்ன காட்டுகிறது என்ற இரண்டையும் நேரத்தோடு எழுதிவிடுங்கள், படமும் எடுங்கள். வெப்பமானியைச் சுற்றியுள்ள வெள்ளைத் தட்டுகளில் அழுக்கும் பாசியும் படிந்தால், காற்றில்லாத வெயில் நேரத்தில் வெப்பநிலை கூடுதலாகக் காட்டும். கழுவிய பிறகு அது சரியாகிவிடும். ஆனால் கழுவுவதற்கு முன் எவ்வளவு கூடுதலாகக் காட்டியது என்பதை எழுதி வைக்காவிட்டால், பழைய பதிவுகளை என்ன செய்வதென்று ஒருவராலும் சொல்ல முடியாது. நேரே துணியை எடுத்துக்கொண்டு வேலையில் இறங்குபவரை நான் நல்ல தொழில்நுட்பர் என்று சொல்ல மாட்டேன்.

பதில் 2 (தரவுச் சரிபார்ப்பில் இருப்பவர்)

மேலே நண்பர் சொன்ன மழைமானிச் சோதனையில் ஒன்று விடுபட்டிருக்கிறது. எங்கள் பிரிவில் அனைவருடைய புலம்பலும் அதுதான். 100 சாய்வுகள் என்றால் 20 மி.மீ. மழை. லாகரைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றாமலோ, மழைமானியின் கேபிளைக் கழற்றாமலோ சோதித்தால், தெளிந்த வானத்தில் நண்பகலில் 20 மி.மீ. மழை பெய்ததாகத் தரவுத்தளத்தில் ஏறிவிடும். சோதித்த நேரம் குறிப்பேட்டில் இருந்தால் நீக்கிவிடுவோம். இல்லையென்றால், அக்கம்பக்கத்து நிலையங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. நேரத்தையும் லாகர் கடிகாரத்தின்படியே எழுதுங்கள். லாகர் பொதுவாக உலகப் பொது நேரத்தில் ஓடும். கைக்கடிகார நேரத்தை எழுதிவிட்டு எந்த நேரம் என்று குறிக்காமல் விட்டால், அந்தக் குறிப்பே குழப்பத்துக்கு விதை.

புறப்படுவதற்கு முன் கடந்த சில வாரப் பதிவுகளை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள் என்பதும் என் வேண்டுகோள். நோய் என்னவென்று பாதி அங்கேயே தெரிந்துவிடும். மூடுபனி சூழ்ந்த விடியல்களில்கூட ஈரப்பதம் 93 விழுக்காட்டைத் தாண்டவில்லை என்றால் சென்சார் மூப்படைந்திருக்கக்கூடும். மெல்லிய காற்று வீசும் நேரங்களில் வேகம் நெடுநேரம் சுழியமாகவே நின்றால், காற்றுவேகமானியின் பேரிங் தேய்ந்திருக்கலாம். சூரியக் கதிர்வீச்சுமானி இரவில் சுழியத்துக்குச் சற்றுக் கீழே காட்டுவது இயல்பு. அதைப் பழுதென்று எண்ணிக் கழற்றிவிட வேண்டாம். விடியலுக்கு முன் தரவு அறுந்து, வெயில் ஏறியதும் தானாகத் திரும்பி, அந்த இடைவெளி நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனால், உதிரிப் பொருள்களில் ஒரு பேட்டரியை மறக்காமல் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பதில் 3

மற்ற இருவரும் சென்சாரைப் பற்றியே பேசுகிறார்கள். என் அனுபவத்தில் பழுதுகளில் பெரும்பாலானவை மின்வழங்கலிலும் இணைப்புகளிலும்தான் வருகின்றன. ஓய்வில் இருக்கும் பேட்டரியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள்; மோடம் தரவை அனுப்பும் சமயத்தில் அளந்து பாருங்கள். மூப்படைந்த பேட்டரி அப்போது சட்டென 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி, லாகரையே மறுதொடக்கம் செய்ய வைத்துவிடும். அடுத்தது ஈரம். பெட்டிக்குள் நுழையும் கேபிள் ஒவ்வொன்றும் நுழைவதற்கு முன் சற்றுத் தொங்கலாகக் கீழிறங்கி மேலேற வேண்டும். அப்போதுதான் கேபிள் வழியே ஓடிவரும் மழைநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். உள்ளே வைக்கும் சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருந்தால் மாற்றுங்கள், பயன்படாத துளைகளை அடைத்துவிடுங்கள். எறும்பு புகுந்துவிட்டால் பிறகு மின்சுற்றுப் பலகை முழுவதும் மண்தான். தொழிற்சாலையில் வேலை பார்த்த உங்களுக்கு இவற்றில் எதுவும் புதிதாக இராது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள் மட்டும். காற்றழுத்தத்தை ஒப்பிடும்போது கையடக்கக் கருவிக்கும் நிலையத்துக்கும் 1 ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு இருந்தால் உடனே சென்சாரை மாற்றிவிடலாமா? கம்பத்தில் ஏறும் வேலை எந்த அளவுக்கு இருக்கும்?

பதில் 1 (களப்பணியாளர்)

மாற்ற வேண்டாம். முதலில் இரண்டும் ஒரே உயரத்தில் உள்ளனவா என்று பாருங்கள். கடல்மட்டத்தை ஒட்டிய பகுதிகளில் ஏறக்குறைய 8 மீட்டர் உயர வேறுபாட்டுக்கே 1 ஹெக்டோபாஸ்கல் மாறிவிடும். வண்டியைச் சரிவில் நிறுத்திவிட்டு, அதற்குள்ளேயே கையடக்கக் கருவியைப் படிப்பவர்கள் உண்டு. ஒன்று நிலைய அழுத்தத்தையும் மற்றொன்று கடல்மட்டத்துக்குத் திருத்திய அழுத்தத்தையும் காட்டுகிறதா என்பதும் பார்க்க வேண்டியது, ஆனால் அப்போது வேறுபாடு பெரும்பாலும் இதைவிடப் பெரிதாக இருக்கும். இவை இரண்டும் இல்லையென்று உறுதியான பிறகே சென்சாரைச் சந்தேகியுங்கள்.

கம்பத்தைப் பொறுத்தவரை, உலக வானிலை அமைப்பின் வழிகாட்டுதல்படி காற்றை அளக்கும் உயரம் திறந்தவெளியில் தரையிலிருந்து 10 மீட்டர். புதிய நிலையங்களில் பெரும்பாலும் கீல் வைத்துச் சாய்க்கும் கம்பம் இருக்கும். அதற்கும் இருவர் வேண்டும். பழையவற்றில் பாதுகாப்புப் பட்டை கட்டி ஏறத்தான் வேண்டும். இடி கேட்டால் வேலை பாதியில் நின்றாலும் இறங்கிவிட வேண்டும். கம்பத்தைச் சாய்த்து நிமிர்த்திய பிறகு காற்றுத்திசைகாட்டியின் வடக்கு மாறவில்லை என்று உறுதி செய்யுங்கள். திசைகாட்டும் ஊசி காந்த வடக்கைத்தான் காட்டும். அந்த இடத்துக்கான விலக்கத்தைக் கூட்டியோ கழித்தோ உண்மை வடக்குக்கு வர வேண்டும்.

நேர்காணலில் நீங்களும் சில கேள்விகளைக் கேளுங்கள்: களத்துக்கு எப்போதும் இருவராக அனுப்புவார்களா, செல்பேசிச் சமிக்ஞை இல்லாத இடங்களுக்குச் செயற்கைக்கோள் தொலைபேசி தருவார்களா, ஒப்பீட்டுக் கருவிகளை எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தனியாளாக அனுப்புவோம் என்றால், சம்பளம் எவ்வளவு என்றாலும் நான் அந்த வேலைக்குப் போகச் சொல்ல மாட்டேன்.