ஒரே ஒரு ஆண் பூச்சி கையில் இருந்தால் புதிய சிற்றினம் என்று அறிவிக்கலாமா?

விட்டில்திரை:
கேமரூன் மலைக் காட்டு அந்துப்பூச்சிகளைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஆல்யூசிடிடே என்ற குடும்பம். ஒவ்வொரு இறக்கையும் ஆறு இறகாகப் பிளந்திருக்கும், நான்கு இறக்கைக்கு மொத்தம் 24. சுவரில் உட்கார்ந்தால் குட்டிப் பனையோலை விசிறி மாதிரி இருக்கும். இறக்கையை விரித்தாலும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிடும்.

2018 வரை கேமரூன் நாட்டில் இந்தக் குடும்பம் இருப்பதாகவே பதிவு கிடையாது. அந்த ஆண்டு ஒரே கட்டுரையில் 9 புதிய சிற்றினங்கள். 2020ல் கேமரூன் மலையிலிருந்து இன்னும் 7. என் கேள்வி இந்த மலையைப் பற்றி மட்டுமல்ல. வெப்பமண்டலச் சிற்றந்துப்பூச்சிகளில் ஒரே ஒரு ஆணை வைத்துக்கொண்டு பெயர் சூட்டுவது சர்வ சாதாரணமாக நடக்கிறது. பெண் எப்படி இருக்கும், புழு எந்தச் செடியைத் தின்னும், எதுவும் தெரியாது. இவ்வளவு அவசரம் எதற்கு?

கத்தரிமுனை:
அவசரம் என்கிறீர்கள். அந்த ஒரு பூச்சிக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது தெரியுமா? இறக்கை நிறத்தை நம்ப முடியாது. நாலு நாள் பறந்தாலே செதில் உதிர்ந்து எல்லாம் ஒரே பழுப்பாகிவிடும். அதனால் வயிற்றை மட்டும் ஒடித்து, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டுச் சூடாக்குவோம். சதை கரைந்து ஓடு மட்டும் நிற்கும். மெல்லிய தூரிகையால் செதிலைத் தள்ளிவிட்டு, பிறப்புறுப்பைப் பிரித்து, சாயம் ஏற்றி ஸ்லைடில் வைத்தால்தான் விஷயம் தெரியும். வெளியே அச்சு அசலாக இருக்கும் இரண்டு பூச்சிகளுக்கு உள்ளே பற்றும் உறுப்பின் வளைவும் முட்களும் வேறு வேறாக இருக்கும்.

ஒடிக்கும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும் என்பது முதல் பாடம். நான் ஒரு தடவை மறந்தேன். வயிறு எங்கே போனதென்று டார்ச் அடித்துக்கொண்டு மேசைக்கடியில் இரண்டு மணி நேரம் தவழ்ந்தேன். கிடைக்கவில்லை.

இவ்வளவும் செய்த பிறகு வித்தியாசம் கண்ணெதிரே நிற்கிறது என்றால் எழுதத்தானே வேண்டும்? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

விட்டில்திரை:
அந்தப் பழமொழி ஒரே அரிசி போட்டு வடித்த பானைக்கு, அண்ணா. இங்கே பானையில் எத்தனை வகை அரிசி கிடக்கிறது என்பதுதானே கேள்வி? ஒரே சிற்றினத்துக்குள் அந்த வளைவு எவ்வளவு மாறும் என்று ஒரு பூச்சியை வைத்து எப்படிச் சொல்வீர்கள்? ஸ்லைடில் கண்ணாடி அழுத்தும்போது உறுப்பு நசுங்கி வேறு உருவம் காட்டுவதும் உண்டு.

எட்வர்ட் மெய்ரிக் கதை தெரியும்தானே? இங்கிலாந்துப் பள்ளிக்கூட வாத்தியார், 1938ல் இறந்தவர். மைக்ரோஸ்கோப்பைத் தொடாமல், கை லென்ஸை வைத்தே 14,000க்கும் மேற்பட்ட சிற்றந்துப்பூச்சிகளுக்குப் பெயர் வைத்தார். அப்புறம் கிளார்க் என்ற அமெரிக்கர் லண்டன் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து அந்த மாதிரிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டிவந்தது. 1955ல் முதல் தொகுதி, மொத்தம் எட்டுத் தொகுதிகள். ஒருவர் வேகமாகப் போனதற்கு இன்னொருவர் பாதி ஆயுளைக் கொடுத்தார்.

எழுத்து658:
இருவருமே பழைய காலத்திலேயே நிற்கிறீர்கள். ஒரு கால் போதும், டிஎன்ஏ எடுக்கலாம். சிஓஐ என்ற மரபணுவில் 658 எழுத்துகள், 2003லிருந்து சிற்றினத்தை அடையாளம் காட்டும் பார்கோடு இதுதானே! 2021ல் கோஸ்டா ரிக்கா ஒட்டுண்ணிக் குளவிகளில் 403 புதிய சிற்றினங்களை ஒரே கட்டுரையில் பார்கோடையும் புகைப்படத்தையும் வைத்தே முடித்தார்கள். காடு அழியும் வேகத்துக்கு நீங்கள் வயிறு ஒடித்துக்கொண்டிருந்தால் ஆகாது.

கத்தரிமுனை:
முடித்தார்கள் சரி, அந்த 403ஐ வகைப்பாட்டுக்காரர்கள் எப்படிக் கிழித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், தம்பி. எத்தனை சதவீத வித்தியாசம் இருந்தால் வேறு சிற்றினம் என்பதற்கு எல்லாப் பூச்சிக்கும் பொதுவான கோடு கிடையாது. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா தாய் வழியாகப் பரவும்போது, அதே தாய் வழியில் வரும் சிஓஐயையும் கூடவே இழுத்துச் செல்லும். இரண்டு சிற்றினம் ஒன்றாகத் தெரியும், ஒன்று இரண்டாகவும் தெரியும். பார்கோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மட்டும் வைத்து எழுதாதீர்கள் என்கிறேன்.

எண்போதும்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் சூழலியல் ஆள். பெயரே எதற்கு? அதே கேமரூன் மலையில் எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த தடம் காட்டு யானைகளைத் தடுத்து நிற்கிறது. யானை புழங்கும் பக்கத்தையும் புழங்காத பக்கத்தையும் ஒப்பிட்டு மரம், பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி எல்லாம் எண்ணினார்கள். அந்த மாதிரிக் கணக்குக்கு "ஆல்யூசிட்டா 1, ஆல்யூசிட்டா 2" என்று எண் போட்டாலே போதும்.

கத்தரிமுனை:
உங்கள் டப்பாவிலிருக்கும் 2ம் எண்ணும் என் டப்பாவிலிருக்கும் 2ம் எண்ணும் ஒன்றா? அதற்குத்தான் பெயர்.

தக்காளி ஊசிப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1917ல் பெரு நாட்டு மலையூரான ஹுவான்காயோவிலிருந்து வந்த பூச்சிக்கு "அப்சலூட்டா" என்று பெயர் வைத்தது யார்? விட்டில்திரை திட்டுகிற அதே மெய்ரிக். பேரினம் எத்தனையோ தடவை மாறியது. டூட்டா ஆனது, 2021ல் திரும்பவும் ஃப்தோரிமியா ஆனது. "அப்சலூட்டா" மட்டும் அசையவில்லை. 2006ல் அது ஸ்பெயினில் இறங்கியதும் தென் அமெரிக்காவில் அதைப் பற்றி எழுதியிருந்த எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லை வைத்தே தேடி எடுக்க முடிந்தது. 2014ல் நம் நாட்டுக்கு வந்தபோதும் அப்படித்தான். நைஜீரியாவில் 2016ல் "தக்காளி எபோலா" என்று அலறினார்களே, அதுவும் இதே பூச்சிதான்.

விட்டில்திரை:
இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது நிலைத்ததற்குக் காரணம் மெய்ரிக்கின் வேகமல்ல. மாதிரி லண்டனில் பத்திரமாக இருந்தது, பின்னால் வந்தவர்கள் எடுத்துப் பார்க்க முடிந்தது. உங்கள் மின்விசிறி அந்த வயிற்றைப் பறக்கவிட்டிருந்தால்?

ஃபாக்கோ_நேசன்:
மாதிரி என்ற பேச்சு வந்ததால் கேட்கிறேன். அந்த மலையை அங்கே ஃபாக்கோ என்கிறார்கள். அதன் பூச்சியைப் பார்க்க, மலையடிவார ஊரான புவேயாவில் படிக்கும் மாணவர் ஐரோப்பாவுக்கு விசா எடுக்க வேண்டுமா? ஒரு நாட்டின் உயிர்வளத்தை எடுப்பவர்கள் பயனை அந்த நாட்டோடு பகிர வேண்டும் என்கிற நகோயா நெறிமுறை 2014லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அனுமதி வாங்கிச் சேகரிப்பது ஒரு விஷயம், பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி எங்கே இருக்கிறது என்பது இன்னொரு விஷயம். ஒரே ஒரு பூச்சிதான் என்றால் அது எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டில்தான் அந்தச் சிற்றினமே இருக்கிறது என்றாகிவிடுகிறது.

கத்தரிமுனை:
நியாயம்தான். 1999க்குப் பிறகு வெளியான பெயர் செல்ல வேண்டுமானால் மூல மாதிரியைக் குறிப்பிட்டாக வேண்டும், எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்றும் எழுதியாக வேண்டும். ஆனால் எந்த நாட்டில் என்று விலங்குப் பெயரிடல் விதி சொல்லவில்லை. ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்காமல், எறும்பு தின்னாமல் நூறு வருடம் வைத்திருக்கும் அலமாரி அங்கே கட்டப்படும் வரை பெட்டி வெளியேதான் போகும். அலமாரிக்குப் பணம் தர யாரும் முன்வருவதில்லை, பயணத்துக்கு மட்டும் தருகிறார்கள்.

எழுத்து658:
அதற்குத்தான் சொல்கிறேன், வரிசையை இணையத்தில் போட்டால் புவேயாவிலிருந்தும் பார்க்கலாம்.

ஃபாக்கோ_நேசன்:
வரிசையைப் பார்க்கலாம். பூச்சியை?

விட்டில்திரை:
அண்ணா, கடைசியாக ஒன்று. 2009ல் வெப்பமண்டலக் கணுக்காலிக் கணக்கெடுப்புகளைத் தொகுத்துப் பார்த்ததில் சராசரியாக 32 சதவீத சிற்றினங்கள் ஒரே ஒரு தடவை மட்டும் கிடைத்தவை. அதற்கு முக்கியக் காரணம் போதுமான அளவு பிடிக்காததுதான் என்று அவர்களே எழுதினார்கள். இன்னும் நாலு இரவு விளக்கு வைத்தால் இரண்டாவது பூச்சி வரும்.

கத்தரிமுனை:
கேமரூன் மலையடிவாரத்தில் டெபுண்ட்ஷா என்ற ஊரில் வருடத்துக்கு 10,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஜெனரேட்டரையும் பெட்ரோலையும் தலையில் சுமந்து மேலே ஏறி, நனைந்த திரை முன்னால் நாலு இரவு உட்கார்ந்துவிட்டு வந்து இதைச் சொல்லுங்கள். பெண் கிடைத்தால் துணைக்கட்டுரை எழுதிக்கொள்ளலாம்.

விட்டில்திரை:
துணைக்கட்டுரையை யார் எழுதுகிறார்கள்? அதில்தான் எனக்குச் சந்தேகம்.