'ஹோம்பாய்': கேசட்டில் கேட்டவர்களும் படமாகப் பார்த்தவர்களும்

நடுச்சாம ரேடியோ:
'ஹோம்பாய்' என்ற இந்த அமெரிக்கப் படம் எனக்கு அதன் இசைக் கேசட்டாகத்தான் அறிமுகம். விடுதி அறைத்தோழனின் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த மூட்டைக்குள் கிடந்தது. அட்டையில் எரிக் கிளாப்டன் பெயர், கிட்டாரும் வாசித்துப் பாடவும் செய்கிற இங்கிலாந்துக்காரர். சரி, பாடுவார் என்று போட்டால், மனிதர் கடைசிவரை வாயே திறக்கவில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாக வெறும் கிட்டார். முதல் துண்டு 'டிராவலிங் ஈஸ்ட்'. கம்பிமேல் குழாயை வைத்து இழுக்கிற ஸ்லைடு வாசிப்பு, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டே போகும். கமகத்துக்குப் பழகிய நம் காதுக்கு அது அந்நியமாகவே படவில்லை. பரீட்சைக்குப் படித்த ராத்திரிகளில் அந்தக் கேசட் நாடா தேயும்வரை ஓடியது.

நடுநடுவே மற்றவர்கள் பாடிய பழைய ப்ளூஸும் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை) உண்டு. மேஜிக் சாம், ஜே.பி. ஹட்டோ இருவரையும் அங்கேதான் முதலில் கேட்டேன். சாம் 1969இல், 32 வயதிலேயே போய்விட்டார். ஹட்டோ 1983இல். 1988இல் படம் வந்தபோது இரண்டு பேருமே இல்லை என்பது ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

ஆறேழு வருஷம் கழித்து வீடியோ கடையில் படம் கிடைத்தது. அவ்வளவு ஆசையாகப் போட்டு, பாதியில் தூங்கிவிட்டேன். மிக்கி ரூர்க் கௌபாய் கோலத்தில் வரும் குத்துச்சண்டைக்காரர். பாத்திரத்தின் பெயர் ஜானி வாக்கர் (நம் ஊரில் இந்தப் பெயரைச் சொன்னால் வேறெதுவோ ஞாபகம் வரும்). மண்டையில் ஏற்கெனவே சேதம், இனி பலமான குத்து ஒன்று விழுந்தால் உயிருக்கே ஆபத்து. கிறிஸ்டோபர் வாக்கன் அவரை நகைத் திருட்டுக்கு இழுக்கும் சிநேகிதன். கடற்கரையில் ராட்டினம் நடத்தும் ரூபி என்ற பெண். கதை இவ்வளவுதான், ஆனால் நகரவே மாட்டேன் என்கிறது. நான் கேசட்டிலிருந்து மனசுக்குள் எடுத்துவைத்திருந்த படம் இதைவிட நன்றாக இருந்தது!

உங்களில் யார் யாருக்கு எது முதலில் வந்தது?

பாதி இட்லி:
படம்தான். அதனால் எனக்கு இசைமீதே கோபம். ரூர்க் சும்மா நடப்பார், கிட்டார் அழும். சும்மா உட்கார்ந்திருப்பார், மறுபடி அழும். திரையில் சோகம் இல்லாத இடத்தில் எல்லாம் கிளாப்டனைக் கூப்பிட்டு நிரப்பியிருக்கிறார்கள். இயக்குநர் மைக்கேல் செரசின் அடிப்படையில் ஒளிப்பதிவாளர், இயக்குநர் ஆலன் பார்க்கருக்கு 'ஏஞ்சல் ஹார்ட்' படத்தை எடுத்துக் கொடுத்தவர். ஃப்ரேம் ஒவ்வொன்றும் அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரூர்க் பேசுவது ஒரு வார்த்தை புரிந்ததா உங்களுக்கு? வாயில் புட்டு வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி.

எடிசன்வாசி:
நான் வேலைக்காக நியூஜெர்சி வந்தபிறகு ஒரு குளிர்கால ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பரி பார்க் என்ற கடற்கரை ஊருக்குப் போனேன். படம் எடுத்த ஊர் அதுதான். அந்த ஊர் என்றாலே இங்கே எல்லோரும் ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்பார்கள், நான் மட்டும் 'ஹோம்பாய்' என்று தேடிப்போனேன். 2003 என்று ஞாபகம். 1988இலேயே மூடிவிட்ட பேலஸ் கேளிக்கைக் கூடம் அப்போதும் நின்றுகொண்டிருந்தது, சுவரில் பல்லிளிக்கும் அந்தப் பெரிய முகத்தோடு. மறு வருஷம் இடித்துவிட்டார்கள். கொஞ்சம் தள்ளி, குதிரைகள் இல்லாத ராட்டினக் கூடம். மரப்பலகை நடைபாதையில் என்னையும் கடற்காகங்களையும் தவிர யாரும் இல்லை. காதில் வாக்மேன். கேசட்டின் 'ரூபி' என்ற துண்டு ஓடிக்கொண்டிருந்தபோது, இந்தப் படம் ஏன் இப்படி ஊர்கிறது என்று கொஞ்சம் பிடிபட்டது. ஊரே அப்படித்தான் இருந்தது. வேகமாக எடுத்திருந்தால் அது வேறு ஊராகிப் போயிருக்கும்.

திரும்பிவந்து மறுபடி பார்த்தேன். பிடித்தது. மனைவிக்குப் பிடிக்கவில்லை, எழுந்து போய்விட்டாள்.

பழைய கையுறை:
பாதி இட்லி தம்பி, அந்தப் பேச்சுக்கு மட்டும் நான் பதில் சொல்லியாக வேண்டும். நான் ஆறு வருஷம் ரிங்கில் ஆடியவன், பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டருக்கு ஐம்பது வயதிலேயே நாக்கு குழறும். குடித்திருக்கிறார் என்று தெருவில் பேசுவார்கள், மனிதர் சொட்டுக்கூடத் தொட்டதில்லை. வருஷக்கணக்கில் தலையில் வாங்கிய குத்து அப்படித்தான் வெளியே வரும்: பேச்சு மெதுவாகும், நடையில் ஒரு தள்ளாட்டம், கேட்ட கேள்விக்குப் பதில் ஒரு கணம் தாமதிக்கும். ரூர்க் அதைத்தான் செய்கிறார். முதல் தடவை பார்த்தபோது எனக்கு மாஸ்டர் ஞாபகம் வந்து, டிவியை அணைத்துவிட்டேன்.

அவர் சும்மா பாவனை காட்டவும் இல்லை. இளம் வயதில் மயாமியில் அமெச்சூராக ஆடியவர். இந்தப் படத்தின் கதையும் அவருடையதே, எடி குக் என்ற புனைபெயரில் எழுதினார். அப்புறம் 1991இல் நடிப்பை ஓரங்கட்டிவிட்டு நிஜமாகவே தொழில்முறை ரிங்கில் ஏறினார். 1994 வரை எட்டுச் சண்டை, ஆறு வெற்றி, இரண்டு சமன். தோற்கவில்லை, ஆனால் மூக்கும் கன்ன எலும்பும் போயின, முகமே மாறிவிட்டது. மண்டையைப் பற்றி ஒரு கதை எழுதிவிட்டு அதற்குப் பிறகும் ஏறினாரே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இசை பற்றி எனக்கு அபிப்பிராயம் கிடையாது. டிவியை அணைத்தபோது கிட்டாரும் சேர்ந்தே அணைந்துவிட்டது.

பாதி இட்லி:
அண்ணே, புட்டு என்றதற்கு மன்னிப்பு. இன்று ராத்திரி மறுபடி பார்க்கிறேன். படம் இழுவைதான், அதில் மாற்றமில்லை.

நடுச்சாம ரேடியோ:
மாஸ்டர் இப்போது எப்படி இருக்கிறார் அண்ணே? என் கேசட்டில் 'டிரெய்னிங்' என்ற துண்டு நாடா சிக்கி அறுந்துபோனது. இத்தனை வருஷத்தில் அது முழுசாக எப்படி முடியும் என்று நான் கேட்டதே இல்லை. எடிசன்வாசி, உங்களிடம் சிடி இருக்கிறதா?